லயத்து வீட்டுல பழுத்த ஷீட்டு

எனக்கு வயசு இருவத்தெட்டு. வேலையில இருந்து ஓய்வு வாங்கியாச்சு. சிரிக்காதீங்க. தொரைமாருக்கெல்லாம் தலை நரைச்ச பெறகுதான் ஓய்வு. எனக்கு மீசை ஒழுங்கா மொளைக்கும்போதே குடுத்துட்டாங்க, அவ்வளவு மரியாதை. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் காதுல கொழாய மாட்டி என் நெஞ்சுல வச்சுக் கேட்டாரு.

"என்னய்யா, பாட்டு கேக்குதா?"ன்னேன்.

"பாட்டு இல்லடா, ரம்பம் அறுக்குது"ன்னாரு.

மறுநாளு வேலைக்கு லாயக்கில்லன்னு சீட்டு கைக்கு வந்துருச்சு. இப்ப ஜொகூர்ல, தம்போயில அக்கா வீட்டுல இருக்கேன். மாமாவோட சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டுறேன். ட்யூபுக்குக் காத்தடிக்க மட்டும் முடியாது, நாலு அடி அடிச்சா எனக்கே காத்து போயிரும்.

போன மாசம் இங்க வாசகசாலையில ஒரு ஐயா வந்து சொகாதாரத்தப் பத்திப் பேசினாரு. வெள்ளைக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி. செவுத்துல படம் மாட்டி, காத்து எதனால கெட்டுப் போவுதுன்னு கம்பால குத்திக் குத்திக் காட்டினாரு. பீடி, வெறகடுப்பு, குப்பைமேடு, மாட்டுக் கொட்டாய். அவ்வளவுதான், படம் முடிஞ்சு போச்சு. எல்லாமே நம்ம சாமான். ஒண்ணாவது தொரையோட சாமான் இருக்கான்னு பாத்தேன், இல்ல.

"ஐயா, ரப்பர் பொகைய வரைய பேப்பர் பத்தலையா?"ன்னு கேட்டேன். பக்கத்துல இருந்தவரு என் சட்டையப் புடிச்சு ஒக்கார வச்சுட்டாரு. அந்த ஐயா என்னைப் பாத்து, "தம்பி, இருமும்போது வாய மூடிக்கணும்"ன்னாரு.

கூட்டம் முடிஞ்சு வாசகசாலைப் பசங்க ரெண்டு பேரு வந்தாங்க. கூலாய் பக்கம் ஒரு தோட்டத்துல ஸ்டோரு வேலைக்குப் போகப் போறாங்களாம். "அண்ணே, நீங்க அங்க பதிமூணு வருசம் இருந்தீங்களே, நம்ம கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதிக் குடுங்களேன்"னாங்க. நான் மூணாங்கிளாஸ். எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். படிக்க முடியலன்னா அது ஒங்க கண்ணுக் கோளாறு.

பதினாலு வயசுல நான் ஸ்டோர்ல சேந்தேன். ஸ்டோர்னா சாமான் வைக்கிற எடம் இல்ல, பால் வந்து ரப்பர் ஆவுற எடம். மொதல் வருசம் தொட்டி கழுவுனேன், ரெண்டாம் வருசம் பால்ல அசிட் கலக்குனேன், மூணாம் வருசம் மிசின்ல ஷீட்டு புழிஞ்சேன். அசிட் வாடை மூக்க உரிச்சுரும். அதப் பழகிட்டேன்னு தெரிஞ்சதும் பொகை வீட்டுக்குத் தள்ளிவிட்டாங்க.

பொகை வீட்ட சொல்லித்தான் ஆகணும், இல்லாட்டி கத புரியாது. ஒசரமான பலகை வீடு. சன்னல் கெடையாது. கூரை உச்சியில மட்டும் தொறந்து மூடுற ரெண்டு வாயி. தரையில நெருப்புக் குழி, அதுக்கு மேல ஓட்டை போட்ட தகரம், பொறி பறக்காம இருக்க. அதுக்கு மேல அடுக்கடுக்கா மூங்கில் கம்பு. மிசின்ல இருந்து வர்ற ஷீட்டு துவைச்ச வேட்டி மாதிரி வெள்ளையா, சொட்டச் சொட்ட இருக்கும். அத கம்புல தொங்க விடணும். மொத அரை நாளு கூரை வாயத் தொறந்து வச்சு ஆவிய வெளிய விடணும். அப்புறம் மூடணும். நெருப்பு எரியவே கூடாது, பொகையணும், அதுதான் வித்தை. அஞ்சு நாளுல வெள்ளை ஷீட்டு தேன் நெறத்துக்குப் பழுத்து வரும். நாங்க அப்படித்தான் சொல்லுவோம், ஷீட்டு பழுத்துருச்சுன்னு. பொகையில பழுக்காத ஷீட்டு பூசணம் புடிச்சு வீணாப் போயிரும்.

உள்ள போறவன் மூஞ்சியில ஈரத்துணி கட்டிக்கிட்டுப் போவணும். கம்பத் திருப்பணும், கட்டைய நகத்தணும், நூறு எண்ணுறதுக்குள்ள வெளிய வந்துரணும். நான் நூத்திருவது வரைக்கும் எண்ணுவேன். கெட்டிக்காரன்னு நெனப்பு. இப்ப அந்த இருவதும் நெஞ்சுக்குள்ள ஒக்காந்திருக்கு.

எங்க மேல இருந்தவரு ஸ்டோர் கிராணியாரு, அதாவது கணக்கப்புள்ள, பேரு கந்தையா. யாழ்ப்பாணத்து ஆளு. வெள்ளைக் கால்சட்டையில ஒரு சொட்டு பால் பட்டு நான் பாத்ததில்ல. திட்டவும் மாட்டாரு, சிரிக்கவும் மாட்டாரு. பழுத்த ஷீட்ட ஒவ்வொண்ணா வாசலுக்குக் கொண்டு போயி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிப்பாரு. குமிழ் இருக்கா, வெள்ளைப் புள்ளி இருக்கான்னு பாப்பாரு. மூலைய லேசா இழுத்துப் பாத்துட்டு மூக்குகிட்ட கொண்டு போவாரு. அவ்வளவுதான். நம்பர் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஷீட்டு அந்தந்த அடுக்குக்குப் பறக்கும். ஒரு தடவ நான் பாக்காவ் கட்டையோட நாலு தேங்கா மட்டையச் சேத்துப் போட்டுட்டேன். பாக்காவ்னா கடலோரச் சேத்துல வளர்ற மரம், பொகை வீட்டுக்குன்னே ரயில்ல வரும். அஞ்சு நாளு கழிச்சு ஷீட்ட மோந்து பாத்தவரு என்னைக் கூப்பிட்டாரு.

"டேய், இஞ்ச வா. செவ்வாய்க்கிழமை என்ன எரிச்சனீ?"

"பாக்காவ்தான் ஐயா."

"பாக்காவோட?"

"...தேங்கா மட்ட. நாலே நாலு."

"மூண்டு எண்டு நினைச்சன்"னுட்டுப் போயிட்டாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அந்த ஆளு கண்ணையும் மூக்கையும் சாமி மாதிரி நம்புனேன். அந்த முட்டாத்தனம்தான் இந்தக் கத.

ரப்பர் வெல விழுந்துச்சுல்ல, அப்ப பழைய தொரை போயி புதுத் தொரை வந்தாரு. பழைய ஆளு பாக்காவ் கட்டைய ஒரு மாசம் கொட்டகையில காயப் போட்டுத்தான் எரிக்க விடுவாரு. புதுசா வந்தவருக்கு அது வீண் வேலை. கட்டை வந்து எறங்குன அன்னிக்கே குழியில போடச் சொல்லிட்டாரு. சேறு கூடக் காயாத கட்டை. அது எரியவும் இல்ல, அவியவும் இல்ல. கஞ்சி மாதிரி கெட்டியா ஒரு பொகை விட்டுச்சு. பலகை இடுக்குல எல்லாம் வழிஞ்சு வெளிய வரும்.

பொகை வீடு மேட்டுல. கூலிங்க இருக்குற லயம் அதுக்குக் கீழ பள்ளத்துல. பகல்ல வெயில் ஏறுனா பொகையும் மேல ஏறிப் போயிரும், ஒண்ணும் தெரியாது. விடியக்காலம் குளுந்து கெடக்கும்போதுதான் அது கீழ எறங்கும். பனியோட பனியாக் கலந்து லயத்துக்குள்ள ஒக்காந்துக்கும். அஞ்சு மணிக்குப் பெரட்டுக்கு வரிசையில நின்னா கங்காணி பேரு கூப்பிடுவாரு, இங்க இருந்து இருமல்தான் பதில் போவும். "மாரி!" லொக்கு. "குப்பன்!" லொக்கு லொக்கு. நான்கூட, "ஏன் கங்காணி, பேரு எதுக்கு, இருமல வச்சே ஆள எண்ணிக்கலாம்லா"ன்னேன். பொறடியில ஒண்ணு விட்டாரு. அப்புறம் அவரும் இருமுனாரு.

ரொம்ப அடி வாங்குனது சன்னாசி அண்ணன். பால் வெட்டுறவரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஆளு கொடிமரம் மாதிரி. பொகை வீட்டு வாசப்படிய மிதிச்சது கெடையாது. ஆனா லயத்துல மொத வீடு அவரோடது. எட்டு மாசத்துல, ஒசர வெட்டுக்கு ஏணி தூக்க முடியாம ஆயிட்டாரு. ஒரு மரம் வெட்டுவாரு, அதுலயே சாஞ்சு நிப்பாரு. மீதி மரத்த அவரு சம்சாரம் அஞ்சலை அண்ணி சேத்து வெட்டும்.

டிரசர் பாத்துட்டு சயரோகம் இல்ல, பொகைதான்னு எழுதுனாரு. தொரை அதப் படிச்சுட்டு, "பொகைன்னா அவன் வீட்டு அடுப்புப் பொகை. வேலைக்கு லாயக்கில்லாதவன ஊருக்கு அனுப்பு"ன்னுட்டாரு. அந்த நேரத்துல ஆளக் கொறைக்க எந்தச் சாக்கு கெடைச்சாலும் போதும். நாகப்பட்டணத்துக்குக் கப்பல். சன்னாசி அண்ணன் இங்கயே பொறந்தவரு. நாகப்பட்டணம் எந்தத் தெசையில இருக்குன்னே தெரியாது.

"டேய், நான் அங்க போயி யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?"ன்னு என்னைக் கேட்டாரு.  

லேபர் ஆபீசுல இருந்து ஒரு தொரை அடுத்த மாசம் லயத்தப் பாக்க வர்றதா சேதி வந்துச்சு. ஸ்டோர் பொகையாலதான் இந்தச் சீக்குன்னு அவரு எழுதிட்டாருன்னா எஸ்டேட்டு பொகை வீட்டச் சரி பண்ணணும், அண்ணன அனுப்ப முடியாது, லேசான வேலை குடுத்து வச்சுக்கணும். அடுப்புப் பொகைன்னு எழுதுனா கப்பல்தான். இது டிரசரே எங்கிட்ட காதோட காதா சொன்னது.

அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஓரம் கிழிஞ்ச, இன்னும் பொகை படாத பச்சை ஷீட்டு மூணு எடுத்தேன். ஒண்ண அஞ்சலை அண்ணி அடுப்புக்கு மேல கட்டுனேன். ஒண்ண மேட்டுக்கு அந்தாண்ட பக்கம், பொகை எட்டாத மாரியாத்தா கோயில் வாசல்ல கட்டுனேன். மூணாவத கல்யாணம் ஆகாத எங்க தடிப்பசங்க வீட்டுல, எட்டாம் நம்பர்ல, உத்தரத்துல கட்டித் தொங்க விட்டேன். எங்க வீட்டுல அடுப்பே கெடையாது, கடைசி லயத்துல ஒரு அக்காகிட்ட சாப்பாடு. பீடி குடிக்கிறவனுங்கள வெளிய தொரத்திட்டேன். "அலமாக், எங்க வீட்டுல எங்களுக்கே தடையா?"ன்னு சண்டைக்கு வந்தானுங்க. "ஷீட்டு வயசுக்கு வந்திருக்கு, ஆம்பளைங்க பக்கத்துல வரக் கூடாது"ன்னேன்.

ஒரு மாசம் கழிச்சு எறக்கிப் பாத்தேன். கோயில் ஷீட்டு பூசணம் புடிச்சு புளிச்ச தோசை மாதிரி கெடந்துச்சு. அடுப்பு ஷீட்டு ஒரு பக்கம் கரிப் புடிச்சு, எண்ணெய் வழிஞ்சு, மறுபக்கம் அரைவேக்காடு. எட்டாம் நம்பர் ஷீட்டு? தேன் நெறம். அப்படியே பழுத்திருந்துச்சு. ஒரு புள்ளி இல்ல. பொகை வீட்டுல அஞ்சு நாளு கெடந்த ஷீட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. நாங்க ஆறு பேரு அதுக்குக் கீழதான் பாய விரிச்சு படுத்திருந்தோம். அத கையில வச்சுக்கிட்டு கீழ கெடந்த எங்க பாயப் பாத்தேன். ரப்பரே இப்படிப் பழுத்துப் போச்சுன்னா எங்க நெஞ்சு என்ன ஆயிருக்கும்?

லேபர் தொரை வந்தாரு. காலையில பத்து மணி. வந்ததும் வராததுமா பங்களாவுல டீ குடிச்சுட்டு எறங்கி வந்தாரு. அவருக்குத் தமிழ் தெரியும், பொஸ்தகத்துத் தமிழ். பொகை வீட்ட அண்ணாந்து பாத்தாரு. வெயில்ல பொகை நேரா வானத்துக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு.

"புகை மேலே அல்லவா செல்கிறது?"ன்னாரு.

"தொரை, விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து பாருங்க. கீழ எறங்கும்."

"அந்நேரம் நான் உறங்கிக்கொண்டிருப்பேன்."

"அதான் தொரை. நாங்க அந்நேரம் அதக் குடிச்சுக்கிட்டு நிப்போம்."

எங்க தொரை என்னை மொறைச்சாரு. லேபர் தொரைக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்தத் தைரியத்துல மூணு ஷீட்டையும் அவரு முன்னால விரிச்சுப் போட்டேன். எது எங்க தொங்குச்சுன்னு சொன்னேன். எட்டாம் நம்பர்ல அடுப்பு இல்லன்னு கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். அவரு குனிஞ்சு பாத்தாரு. அவருக்கு ரப்பரப் பத்தி என்ன தெரியும்? "இது எந்தப் புகை என்று யார் சொல்ல முடியும்?"னு கேட்டாரு.

நான்தான் சொன்னேன். இந்த வாயிதான் சொல்லுச்சு. "எங்க கிராணியாரக் கேளுங்க தொரை. எந்தக் கட்டைப் பொகைன்னு மோந்து பாத்தே சொல்லுவாரு. ஜொகூர்லயே அவர மாதிரி ஆளு இல்ல."

கிராணியாரு வந்தாரு. எட்டாம் நம்பர் ஷீட்ட எடுத்தாரு. வழக்கம் போல வாசலுக்குப் போயி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாரு. மூலைய இழுத்தாரு. மூக்குகிட்ட கொண்டு போனாரு. நான் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். அவருக்குத் தெரிஞ்சு போச்சு. மூணு தேங்கா மட்டைக்கும் நாலு தேங்கா மட்டைக்கும் வித்தியாசம் தேடுற மூக்கு அது. எனக்கு நல்லாத் தெரியும், அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

அவரு நிமுந்து எங்க தொரையப் பாத்தாரு. தொரை கடிகாரத்தத் தட்டிக்கிட்டு நின்னாரு.

"அடுப்புப் புகை, சேர்"னாரு கிராணியாரு.

"எட்டாம் நம்பர்ல அடுப்பு இல்லையே ஐயா!"ன்னு கத்திட்டேன்.

"பக்கத்து வீட்டு அடுப்பா இருக்கும்"னாரு. என் பக்கம் திரும்பவே இல்ல.

சன்னாசி அண்ணன் வாசப்படியில ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. எந்திரிச்சு ஏதோ சொல்ல வந்தாரு. சொல்ல விடாம இருமல் புடிச்சுக்கிச்சு. லேபர் தொரை கைக்குட்டைய மூக்குல வச்சுக்கிட்டு ரெண்டு அடி தள்ளி நின்னாரு. காகிதத்துல எழுதுனாரு. லயத்து அடுப்ப எல்லாம் வீட்டுக்கு வெளிய கொட்டகை போட்டு மாத்தணும்னு ஒரு உத்தரவு. அவ்வளவுதான். பொகை வீட்டப் பத்தி ஒரு வரி இல்ல.

சாயங்காலம் என் ஷீட்டத் திருப்பி வாங்கப் போனேன். எனக்கு அது வேணும், வேற யார்கிட்டயாவது காட்டணும். மத்த ரெண்டும் குப்பையில கெடந்துச்சு. எட்டாம் நம்பர் ஷீட்டக் காணோம். பெட்டி அடிக்கிற வேலு, எங்கூட சேந்தவன், ஆணி வாயில வச்சுக்கிட்டு நின்னான்.

"டேய் வேலு, என் ஷீட்டு எங்கடா?"

"எது, கிராணியாரு கொண்டாந்தாரே, அதுவா? உள்ள போட்டாச்சு."

"எந்த உள்ள?"

பெட்டியக் காட்டுனான். ஆணி அடிச்சு, மை பூசி, முத்திரை குத்தி, சிங்கப்பூருக்குப் போக ரெடியா நிக்குது. முத்திரை என்னன்னு நெனைக்கிறீங்க? நம்பர் ஒண்ணு.

"ஓரம் கிழிஞ்சிருக்குன்னு சொன்னேன்டா"ன்னான் வேலு. "அவரே கத்தியால ஓரத்த நறுக்கிட்டுக் குடுத்தாரு. சுத்தமான பாக்காவ், வீணாக்காதன்னாரு."

அடுப்புப் பொகையில பழுத்த ஷீட்டு நம்பர் ஒண்ணு ஆவுமா? லேபர் தொரைக்கு முன்னால அடுப்புப் பொகை, பெட்டிக்குள்ள சுத்தமான பாக்காவ். பொய் சொல்லிட்டுப் போயிருந்தாக்கூட பரவாயில்ல. ஒரு ஷீட்டு நட்டமாகக் கூடாதுன்னு பாத்தாரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. மனுசன கழிச்சுக் கட்டியாச்சு, ரப்பர கழிக்க மனசு வரல.

ஆணி புடுங்குற கம்பிய எடுத்துட்டேன். வேலு என் இடுப்பப் புடிச்சுக்கிட்டான். சத்தம் கேட்டு கிராணியாரு வந்தாரு. கம்பியோட நிக்கிற என்னைப் பாத்து, "அதை வை. எனக்கும் மூண்டு பிள்ளையள் இருக்கு"ன்னாரு.

"அண்ணனுக்கு நெஞ்சே இல்லையேய்யா இப்ப!"ன்னேன்.

அவரு திரும்பிப் போயிட்டாரு. மறுநாளு காலையிலயும் வாசல்ல நின்னு ஷீட்டத் தூக்கித் தூக்கி வெளிச்சத்துல பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் நான் எட்டு வருசம் அவருகிட்ட வேலை பாத்தேன். ஐயான்னு ஒரு தடவகூட கூப்பிடல.

சன்னாசி அண்ணனும் அஞ்சலை அண்ணியும் அந்த வாரமே கூலாய் ஸ்டேசன்ல ரயில் ஏறுனாங்க. அண்ணன் பால் கத்திய இடுப்புல சொருகியிருந்தாரு. "அங்க ரப்பர் மரம் இல்லண்ணே"ன்னேன். "இருக்கட்டும்டா, கைக்குப் பழகிப் போச்சு"ன்னாரு.

ஏழு மாசம் கழிச்சு காகிதம் வந்துச்சு. யாரையோ வச்சு எழுதச் சொல்லியிருந்தாரு. அண்ணியோட சித்தப்பா ஊர்ல ஒரு கொட்டகையில இருக்காங்களாம். இருமல் நின்னு போச்சாம். அண்ணி நாத்து நடப் போனா இவருதான் சோறு ஆக்குறாராம். 'ஈர வெறகு, தெனம் நான்தான் அடுப்பு ஊதுறேன், ஒரு இருமல் வரல, தொரைகிட்ட இதக் காட்டு, நான் இப்ப ஏணி தூக்குவேன், திரும்பி வர எழுதிக் கேளு'ன்னு இருந்துச்சு.

அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு ஓடுனேன். இதவிட என்ன சாட்சி வேணும்? ஈர வெறகு அடுப்ப தெனம் ஊதுறவருக்கு இருமல் இல்ல. அப்ப இங்க வந்த இருமல் எங்க இருந்து வந்துச்சு? ஆபீஸ் கிராணி வரிக்கு வரி இங்கிலீசுல மாத்திச் சொன்னாரு. தொரை நல்லா காது குடுத்துக் கேட்டாரு. அவரு மூஞ்சி மலந்துச்சு. கிராணி அத எனக்குத் தமிழ்ல சொன்னாரு.

"தொரைக்கு ரொம்ப சந்தோசமாம். ஊருக்கு அனுப்புனது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியான்னு கேக்குறாரு. இந்தக் காகிதத்த ஃபைல்ல வைக்கப் போறாராம். இனிமே அனுப்புறவங்களுக்குப் படிச்சுக் காட்டலாமாம்."

 "திரும்பி வரலாமான்னு கேட்டிருக்காரே?"ன்னேன்.

"கொணமானவன எதுக்குத் திரும்பச் சீக்காக்கணும்னு கேக்குறாரு"ன்னாரு கிராணி. சொல்லிட்டு அவரே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. தொரைக்குத்தான் தான் என்ன சொன்னோம்னு வெளங்கல.

அந்தத் தொரை இருக்கானே, இங்க வந்தா சீக்குதான்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, பாத்தீங்களா. வாய் தவறி வந்துருச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி பதில் எழுத ஒக்காந்தேன். பத்து தடவ கிழிச்சேன். அண்ணனுக்கு இங்க வரணும். நானும் அவர இங்கயே வச்சுக்கணும்னுதான் அவ்வளவு பாடுபட்டேன். விடியப் போற நேரம் வெளிய போயி நின்னா பொகை எறங்கிக்கிட்டு இருக்கு, வழக்கம் போல. உள்ள வந்து ஒரே ஒரு வார்த்தை எழுதி ஒட்டி தபால்ல போட்டேன்.

வராத.